பின்கட்டுப் பாட்டு

கல்லிடைக்குறிச்சியில் பாட்டி வீட்டுப் பின்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பெண்கள் கூடுவார்கள். மதியச் சமையல் முடிந்து விளக்கேற்றும் நேரம்வரை பாட்டு. சுருதிப்பெட்டி போடுவது என் வேலை. எங்கள் தெருப் பெண்குழந்தைகள் சரளிவரிசை கற்றதெல்லாம் அங்கேதான். பாட்டி மேடையேறியதில்லை, தன்னை ஆசிரியை என்று நினைத்ததும் இல்லை.

ஒருநாள் பஞ்சரத்தின கீர்த்தனைகள் முடிந்ததும், புத்தகமொன்றில் பார்த்த பெங்களூர் நாகரத்தினம்மாள் பெயரைச் சொல்லி, யாரென்று கேட்டேன். பாட்டி குரலைத் தாழ்த்தி, "அவா தாசி குலம்டீ" என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

பிறகு நானே படித்தறிந்தேன். திருவையாற்றில் சிதிலமடைந்திருந்த தியாகராஜர் சமாதியைச் சுற்றி நிலம் வாங்கி, 1920களில் தன் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் அவர். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றானபோது, 1927இல் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். 1940களின் தொடக்கத்தில்தான் பிரிந்திருந்த தரப்புகள் ஒன்றாயின. பெண்களும் சேர்ந்து பாடினார்கள்.

அந்த அம்மாள் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால், திண்ணையைத் தாண்டி அழைத்திருப்பார்களா என்று இன்றும் யோசிக்கிறேன். பின்கட்டில் கற்ற பாட்டோடு திருவையாற்றில் நான் உட்கார்ந்த இடம் அவர் பெற்றுத் தந்தது. 1952இல் மறைந்த அவருக்கும் அங்கேயே சமாதி இருக்கிறது. அதன்முன் இருமுறை நமஸ்கரித்தேன். ஒன்று பாட்டிக்காக.