லீவு வேகன்சி

அந்த டீச்சரின் விடுப்பு இன்னும் ஒரு மாதம் நீள வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் பிரசவ விடுப்பில் போயிருந்த தமிழாசிரியை. நான் அவர் இடத்துக்கு வந்தவள். விடுப்பு நீள வேண்டுமானால் அவருக்கோ குழந்தைக்கோ உடம்புக்கு ஏதாவது வர வேண்டும். வேண்டுதலின் அந்தப் பாதியை மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

2005ஆம் ஆண்டு. எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத் திருவண்ணாமலையில் வீட்டோடு இருந்தேன். ஊருக்கு வெளியே ஓர் உதவிபெறும் பள்ளியில் 'லீவு வேகன்சி' இருக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அப்போது மகப்பேறு விடுப்பு 90 நாள். என் வேலையின் ஆயுளும் 90 நாள். மாதம் இரண்டாயிரம் ரூபாய், நிர்வாகத்தின் கையிலிருந்து. வருகைப் பதிவேட்டில் எனக்குப் பெயர் கிடையாது; ஒரு நாற்பது பக்க நோட்டில் தனியாகக் கையெழுத்து. கால அட்டவணையில் அவருடைய இனிஷியலே இருந்தது. மேசை இழுப்பறையில் அவர் விட்டுப்போன இரும்புச்சத்து மாத்திரை பாதி அட்டை, நாலைந்து சேஃப்டி பின், ஒரு சிவப்புப் பேனா. பேனாவை நான் எடுத்துக்கொண்டேன்.

"டீச்சர், நீங்க எங்களுக்கு டீச்சரா, எங்க டீச்சருக்குப் பதிலா?" என்று ஏழாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். புத்தகத்தைத் திற என்றேன்.

91ஆம் நாள் அவர் வந்துவிட்டார். பாடத்தை ஒப்படைக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். "புள்ளைங்க எது வரைக்கும் வந்திருக்காங்க?" என்று கேட்டபோது எனக்கு வந்தது கோபம். என் வகுப்பு, என் பிள்ளைகள் என்று மூன்று மாதத்தில் மனசு கட்டிவைத்திருந்த வீடு அது. பதில் சொல்ல நிமிர்ந்தேன். அவர் ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் என்கூட வரியாம்மா?" என்றார். ஆசிரியைகளுக்கு இருந்த ஒரே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே அவர் கட்டிய பாலைப் பீய்ச்சி வாளியில் ஊற்ற, வெளியே நான் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை ஆறு கிலோமீட்டருக்கு அப்பால், அவருடைய அம்மாவிடம். அந்தப் பள்ளியில் நான் செய்த கடைசி வேலை அதுதான்.

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை என்று 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் இடைவேளை கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் பத்து நிமிடம், அதுவும் ஒரு பதிலியின் காவலில்.

அடுத்து நான் கௌரவ விரிவுரையாளர் ஆனேன். இந்தப் பெயரைத் தமிழ் படித்தவள் என்ற முறையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'கௌரவக் கொலை' என்று செய்தித்தாள்கள் எழுதியபோது, அதில் என்ன கௌரவம், அது ஆணவக் கொலை என்று நாம் விடாமல் சொல்லிச் சொல்லி மாற்றினோம். கௌரவ விரிவுரையாளர் என்பதற்கு அப்படி ஒரு சரியான சொல்லை இன்றுவரை நாம் தேடவில்லை. ஆண்டுதோறும் நேர்காணல், தொகுப்பூதியம், மே மாதம் சம்பளம் இல்லை. பத்தாயிரம், பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறி 25,000க்கு வந்திருக்கிறது. ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது 2019 ஜனவரியில்.

தீபத்துக்கு எங்கள் ஊரைச் சுற்றி ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் போடுவார்கள். வருடா வருடம் போடுவார்கள். எந்தச் சாலையில் இறங்கினால் எவ்வளவு நடக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்கே மனப்பாடம். எங்கள் துறையில் எங்களையும் அப்படித்தான் மனப்பாடமாகத் தெரியும்.

2011இல் தமிழக அரசு மகப்பேறு விடுப்பை ஆறு மாதமாக்கியது. செய்தியைப் படித்தபோது நான் ஐந்தாவது மாதம். சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. அதே ஜூனில் நேர்காணலுக்குப் போனேன், கொசுவத்தைப் பெரிதாக வைத்து, கையில் ஃபைலை வயிற்றோடு அணைத்து. "வீட்டுக்காரர் கவர்மென்ட்டா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க சார்" என்றேன். அடுத்த கேள்வி சங்க இலக்கியத்துக்குப் போய்விட்டது.

பிரசவம் அக்டோபரில். வர முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், கோபமாக இல்லை, ரொம்பச் சாதாரணமாக. அதனால் எனக்குப் பதிலியை நானே பிடித்தேன். ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண். வகுப்பை அவள் எடுப்பாள், என் சம்பளத்தில் பாதியை அவளுக்குக் கொடுப்பேன் என்று ஏற்பாடு. துறையில் கண்டும் காணாமல் இருந்தார்கள். அதுவும் ஒரு கருணைதான். முப்பத்தெட்டாம் நாள் நான் திரும்பினேன். பணத்தை வாங்கும்போது அவள், "இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கலாமேக்கா" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆறு வருடம் முன்பு அது என்னுடையது.

விடுப்பு 2016இல் ஒன்பது மாதமாயிற்று, 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம். அவற்றுக்காகப் போராடிய பெண்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தத் தாழ்ப்பாளில்லாத கதவு என் கையிலேயே இருக்கிறது. ஆனால் ஒருத்தியின் விடுப்பு நீளும்போது அந்த வகுப்பில் வந்து நிற்பவளும் அநேகமாக ஒரு பெண்தான், அவளுக்கும் கர்ப்பப்பை இருக்கிறது என்பது எந்தக் கூட்டத்திலும் பேசப்பட்டு நான் கேட்டதில்லை. அதே 25,000 ரூபாயைச் சொன்னால் ஆண் சகாவிடம், "குடும்பத்தை எப்படி சார் ஓட்டுறீங்க?" என்கிறார்கள். என்னிடம், "பரவாயில்லையேம்மா, வீட்டுக்குப் பக்கத்துல" என்கிறார்கள். குடும்பத்தை வேறு யாரோ ஓட்டுகிறார் என்ற கணக்கின் மேல்தான் இந்தச் சம்பளம் நிற்கிறது. கணவனை இழந்தவளையும், தனியாக வாழ்பவளையும், வீட்டில் சம்பாதிப்பவளே தான் என்று இருப்பவளையும் அந்தக் கணக்கு கண்டுகொள்வதில்லை.

ஒரு காலத்தில் கணக்கு நேர்மாறாக இருந்தது. சகோதரி சுப்பலட்சுமி 1912இல் சென்னையில் பிராமண இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கத் தொடங்கியபோது, அவர்களை ஆசிரியைகளாக்குவதுதான் நோக்கம். பெண்பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பெண்கள் வேண்டும்; புருஷன் உள்ளவளை வீடு விடாது. இங்கிலாந்தில் 1944 கல்விச் சட்டம் வரும்வரை பல ஊர்களில் ஆசிரியை கல்யாணம் செய்தால் வேலை போய்விடும். அன்று குடும்பம் இருந்தால் வேலை இல்லை. இன்று குடும்பம் இருப்பதால் முழுச் சம்பளம் தேவையில்லை.

இதில் நான் தனி ஆள் இல்லை. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள்; மாதம் ஐயாயிரம், வாரத்தில் மூன்று அரைநாள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்கள்: 7,500, 10,000, 12,000 என்று மூன்று படி. இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம். என் மாணவிகள் பலர் அதில் திண்ணையில் உட்கார்ந்து பாடம் எடுத்தவர்கள். கேட்டால், ரீசார்ஜுக்கு ஆகும்மா என்பார்கள்.

முதலாண்டில் நன்னூல் பாயிரம் நடத்துவேன். நல்லாசிரியர் நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் போன்றவர் என்று பவணந்தி சொல்கிறார். மலை என்றதும் வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பும்; எங்களுக்கு மலை அங்கேயே இருக்கிறது. ஒரு தடவை பின்வரிசையிலிருந்து, "அம்மா, சம்பளத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது, நானுந்தான்.

அவள்தான் போன வாரம் ஃபோன் செய்தாள். எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டாள், கல்யாணமும் ஆகிவிட்டது.

"அம்மா, ஒரு ஸ்கூல்ல லீவு வேகன்சி இருக்காம். போவட்டுமா?"

"எத்தன மாசம்?"

"ஒரு வருஷம்மா. அந்த மிஸ்ஸுக்குப் பிரசவம்."

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மகப்பேறுப் பலனை நிறுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் சட்டம் பேசும், ஆனால் வேலை பார்த்ததற்குக் கையில் காகிதம் வேண்டும் என்றும் சொன்னேன்.

"எனக்கு எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?"

"ஆர்டர எழுத்துல கேளு. வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும்னு கேளு. தனி நோட்டு நீட்டுனா ஃபோட்டோவாவது எடுத்து வெச்சிக்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"கேட்டா, வேணாம் போம்மான்னு சொல்லிட்டா?"

என்னிடம் அப்போது பதில் இல்லை. அந்த மிஸ்ஸின் ஃபோன் நம்பரை வாங்கி முதலில் அவரிடம் பேசு என்று மட்டும் சொன்னேன். பேசிவிட்டாளாம். நாளைக்கு இருவரும் சேர்ந்தே தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறார்கள்.