கண்மாய்களுக்கு ஒரு வரைபட சர்வர்: சில குறிப்புகள்

முதலில் முடிவாக வேண்டியது பரப்பு. உலகம் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டமும் அதை ஒட்டிய சிவகங்கைப் பகுதியும் போதும். கண்மாய், ஊருணி, தண்ணீரைத் திறந்துவிடும் மடை, உபரிநீர் வெளியேறும் கலுங்கு, நீர் வந்துசேரும் வரத்துக்கால் எல்லாம் தமிழ்ப் பெயரோடு தெரியவேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் நடக்கும் கூட்டத்திலும் திறக்கவேண்டும். கைபேசியில் இருக்கும் வரைபடம் ஓட்டலையும் பெட்ரோல் பங்கையும் காட்டும். மடையைத் தேடினால் கிடைக்காது.

*

கணக்கு போட்டுப் பார்த்தால் பயம் போய்விடுகிறது. இணைய வரைபடம் என்பது 256 பிக்சல் சதுரத் துண்டுகளின் அடுக்கு. ஒவ்வொரு துண்டும் ஒரு டைல். ஜூம் 0இல் உலகம் முழுவதும் ஒரே டைல். ஒரு படி ஏறினால் ஒன்று நான்காகும். ஜூம் 18இல் உலகத்துக்குச் சுமார் 6,872 கோடி டைல்கள். நம் பக்கத்து அட்சரேகையில் அந்த ஜூமில் ஒரு டைல் ஏறத்தாழ 150 மீட்டர் சதுரம். ஆக, 1,30,058 சதுர கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்கு 58 லட்சம் டைல். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மட்டும் 1.8 லட்சம் போல வரும். சாதாரண கம்ப்யூட்டர் தாங்கும். அதிலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே வரையத் தேவையில்லை. யாராவது அந்த இடத்தைத் திறக்கும்போது வரைந்து, அடுத்த ஆளுக்காக டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம்.

*

தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து. 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. அந்த நாட்டு அரசின் நில அளவைத் தரவு அன்று இலவசமாகக் கிடைக்கவில்லை என்பதுதான் தொடக்கக் காரணம். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்திலிருக்கும் ஜியோஃபாப்ரிக் என்ற நிறுவனம், உலகத் தரவை நாடு வாரியாக, மண்டல வாரியாக வெட்டித் தினமும் புதுப்பித்துக் கொடுக்கிறது. இந்தியாவில் தென்மண்டலக் கோப்பு தனியாக உண்டு. அதை எடுத்தால் போதும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்த டைல் சர்வரையே நேரடியாகக் காட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது நன்கொடையில் ஓடுகிற சர்வர். சிறு பயன்பாட்டுக்குத் தடையில்லை. மொத்தமாக டைல்களை இறக்கிவைத்துக்கொள்ள அவர்கள் விதி அனுமதிப்பதில்லை. நமக்கோ இணையமே இல்லாத இடத்தில் திறக்கவேண்டும். சொந்த சர்வர்தான் வழி.

*

பாகங்கள், வேலை நடக்கும் வரிசையில்:

உபுண்டு. அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், நிலவியல் வேலைக்கு போஸ்ட்ஜிஐஎஸ். இறக்கிய கோப்பை டேட்டாபேஸில் ஏற்றுவது ஓஎஸ்எம்2பிஜிஎஸ்கியூஎல். படம் வரைவது மேப்னிக். எந்த டைலை எப்போது வரைவது என்று வரிசைப்படுத்துவது ரெண்டர்டி. அப்பாச்சியோடு சேர்ந்து பிரவுசருக்குக் கொடுப்பது மாட்_டைல். பிரவுசரில் இழுத்துப் பார்க்க லீஃப்லெட். எல்லாமே திறந்த மூலம்.

தென்மண்டலத்துக்கு 8 ஜிபி ராம் போதும். பணம் இருந்தால் அதை எஸ்எஸ்டியில் போடுவதே நல்லது. ஏற்றும்போது டேட்டாபேஸ் டிஸ்கை ஓயாமல் புரட்டும்.

ஏற்றும்போது ‘ஸ்லிம்’ முறையில் ஏற்றவேண்டும். அப்போதுதான் தினசரி மாற்றங்களைப் பின்னால் சேர்க்கமுடியும். ‘ஃபிளாட் நோட்ஸ்’ கோப்பு நம் அளவுக்கு வேண்டாம். சின்னப் பகுதியை ஏற்றினாலும் அது உலகத்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடல் தனிக் கோப்பாக வருகிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கடற்கரை வெறும் கோடுதான். அதிலிருந்து கடற்பரப்பைத் தயாரித்து வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பும் இருந்தால்தான் பாக் நீரிணை நீலமாகும், ராமேசுவரம் தீவாகும்.

மேப்னிக் ஒவ்வொரு டைலையும் தனியாக வரைவதில்லை. 8க்கு 8, மொத்தம் 64 டைல்களை ஒரே பெரிய படமாக வரைந்து பிறகு துண்டாக்குகிறது. தனித்தனியாக வரைந்தால் ஊர்ப் பெயர் டைல் விளிம்பில் பாதியாக அறுந்து நிற்கும். நீளமான தமிழ்ப் பெயர்களுக்கு இது மிகவும் வேண்டிய ஏற்பாடு. ராஜசிங்கமங்கலம் என்ற ஒரு பெயரை முழுதாகப் பார்த்தால் புரியும்.

*

தமிழ் எழுத்து. இந்த இடத்தில்தான் நான் பழைய வழியை உறுதியாகத் தேர்ந்தெடுத்தேன்.

இன்று புதிதாக சர்வர் போடுகிறவர்கள் பலரும் வெக்டார் டைல் பக்கம் போகிறார்கள். காரணங்கள் நியாயமானவை. படத்துக்குப் பதில் கோடும் புள்ளியுமாகத் தரவு போகும், பிரவுசரே வரைந்துகொள்ளும், வண்ணத்தை நொடியில் மாற்றலாம். பிஎம்டைல்ஸ் வடிவத்தில் ஒரு மாநிலமே ஒரே கோப்பாக அடங்கிவிடும், டேட்டாபேஸே தேவையில்லை. பிரவுசரில் அதை வரைந்து காட்டும் மேப்லிப்ரேயின் கதையும் எனக்குப் பிடிக்கும். 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் நிறுவனம் தன் மென்பொருளின் திறந்த உரிமத்தைக் கைவிட்டபோது, கடைசித் திறந்த பதிப்பை எடுத்துச் சமூகமே தொடர்ந்து நடத்துகிறது.

ஆனால் அந்தக் குடும்பத்து மென்பொருள்கள் எழுத்துகளை யூனிகோட் எண்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் முறையில் வளர்ந்தவை. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ‘பெரிய’ என்று சேமிக்கும்போது ப முதலில், ஒற்றைக்கொம்பு அடுத்து. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். அடுக்கும் முறையில் அது பின்னாலேயே நின்றுவிடுகிறது. ‘கொ’, ‘கோ’ இன்னும் மோசம். உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இரு பக்கமும் போய் உட்கார வேண்டியது. தேவகோட்டை சிதைகிறது. ‘கு’ ஒரே வடிவமாகச் சேர்வதற்குப் பதில் ககரமும் உகரக்குறியும் தனித்தனியாக நிற்கின்றன. நீர்நிலை வரைபடத்தில் ‘குளம்’ என்ற சொல்லே உடைந்து வந்தால் அதை யாரிடம் காட்டுவது? சரிசெய்யும் முயற்சிகள் நடக்கின்றன, அவை முடியட்டும்.

மேப்னிக்கில் இந்தத் தொல்லை இல்லை. 2015இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் உள்ளே இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை சர்வரில் நிறுவி, எதை எப்படி வரைவது என்று மேப்னிக்குக்குச் சொல்லும் ஸ்டைல் கோப்பின் எழுத்துருப் பட்டியலில் அதற்கு முன்னிடம் கொடுத்தால் ஊருணியும் கோயிலும் அச்சு மாதிரி வரும். பார்க்கிறவரின் போனில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. போய்ச் சேருவது படம்.

அளவு மட்டும் மாற்றவேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த சின்ன எழுத்தில் ண, ணை, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று புள்ளி கூட்டினேன். கூட்டினால் பெயர்கள் ஒன்றையொன்று முட்டி, சில வெளியேறும். எது வெளியேறலாம் என்பதை நாம் தீர்மானிக்கலாம். பேக்கரியின் பெயர் போகட்டும், ஊருணியின் பெயர் இருக்கட்டும்.

*

பெயர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்கு ‘நேம்’ என்று ஒரு குறிச்சொல், மொழி வாரியாகத் தனித்தனிக் குறிச்சொற்கள். தமிழ்நாட்டில் முதலாவதில் பெரும்பாலும் ஆங்கிலம் இருக்கிறது. தமிழ் தனிக் குறிச்சொல்லில் காத்திருக்கிறது. ஸ்டைலுக்குள் இருக்கும் டேட்டாபேஸ் கேள்வியில் ஒரே மாற்றம்: தமிழ்ப் பெயர் இருந்தால் அது, இல்லாவிட்டால் பொதுப் பெயர். அந்த ஒரு வரி மாறியதும் தமிழ்ப் பெயர் பதிவான இடமெல்லாம் தமிழாகிறது. ஆங்கிலமாகவே மிஞ்சுகிற இடங்கள், யாராவது போய் எழுதவேண்டிய இடங்களின் பட்டியலாகத் தானே கண்ணில் படுகின்றன.

*

நீர்நிலைப் பெயரைப் பொது ஸ்டைல் எழுதுவது, அது திரையில் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்று பார்த்துத்தான். 48 மடைக்குப் பேர்போன ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் சீக்கிரமே பெயர் பெற்றுவிடும். ஊர் நடுவே குடிநீர் கொடுத்த ஊருணி கடைசி ஜூம் வரை பெயரின்றி நீலப்பொட்டாகக் கிடக்கும். நான் ஊருணிக்கு ஜூம் 14இலேயே பெயர் கொடுத்தேன். மடைக்கும் கலுங்குக்கும் தனிக் குறியீடு.

இன்னொரு சிக்கல்: செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கோ உட்கார்ந்து வரைந்தவர்களுக்கு, சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய் புதர்க்காடாகத் தெரிந்திருக்கிறது. சில கண்மாய்கள் அப்படியே பச்சையாகப் பதிவாகியுள்ளன. கோடையில் வற்றும் நீர்நிலை என்பதற்குத் தனிக் குறிச்சொல் இருக்கிறது. அதைப் போட்டால் கோடிட்ட நீலமாக வரும்.

*

பாசனக்காரர்கள் கூட்டம். லேப்டாப்பில் சர்வர், ஒரு வைஃபை ரவுட்டர், சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். இணையம் இல்லை. நீர்பாய்ச்சி ஒருவர் எழுந்து வந்து கரைக்கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, கலுங்கு இங்கன இல்ல. வடகோடியில இருக்கு. நீங்க போட்டிருக்கது உடைப்பெடுத்த எடம், பெறகு அடைச்சாச்சு.”

“அடைச்சு எத்தனை வருசம் இருக்கும், ஐயா?”

“எங்கப்பா காலத்துல.”

செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கரையில் ஒரு வெளிறிய தழும்பு. வரைந்தவர் அதைக் கலுங்கு என்று எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அந்தத் திருத்தத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போட்டோம். அடுத்த நாள் ஜியோஃபாப்ரிக்கின் தினசரி மாற்றக் கோப்பில் அது வந்தது. நம் டேட்டாபேஸ் இழுத்துக்கொண்டது. அந்தக் கரை விழும் டைல்கள் மட்டும் பழையவை என்று குறிக்கப்பட்டு, திறந்தபோது புதிதாக வரையப்பட்டன. அவர் விரல் வைத்துச் சொன்னது இப்போது அந்தத் தரவைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் கிடைக்கிறது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இவ்வளவு நிறுவலும் தகும் என்று நினைக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நடந்ததும் இதுதான். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப் தெருக்களின் மேல் குறித்தார்கள்.

*

எல்லைக்கோடு. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத நாட்டு எல்லையை வெளியிடுவது இங்கே சட்டப்படி குற்றம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் எல்லையைக் களத்தில் யார் வசம் இருக்கிறது என்பதை வைத்துப் பதிகிறது. இரண்டும் காஷ்மீரில் வேறுபடும். மாவட்ட வரைபடம்தானே என்று விட்டுவிடக்கூடாது. ஜூமைக் குறைத்துக்கொண்டே போனால் நாடு தெரியும். குறைந்தபட்ச ஜூமை 9 என்று பூட்டினேன். நாடு முழுவதையும் காட்டுகிறவர்கள் எல்லை லேயரை எடுத்துவிட்டு, நில அளவைத் துறையின் கோட்டைப் போடவேண்டும்.

*

படத்தின் மூலையில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் பெயர் எப்போதும் இருக்கவேண்டும். அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினாலும். உரிமத்தின் நிபந்தனை அது. வேறு நிறுவன வரைபடங்களைப் பார்த்துப் பெயர்களை நகல் எடுத்துப் பதியக்கூடாது. ஊருக்குப் போய்க் கேட்டு எழுதவேண்டும்.

கேட்கவேண்டியவை: கண்மாயின் பெயர், ஊரில் வழங்கும் வேறு பெயர். எத்தனை மடை, ஒவ்வொரு மடைக்கும் என்ன பெயர். கலுங்கு எந்தக் கோடியில். தண்ணீர் எந்தக் கண்மாயிலிருந்து வருகிறது, நிரம்பினால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது. வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது. கடைசியாகக் கலுங்கு பாய்ந்த வருடம்.