விட்டுவிட்ட மூன்றாவது கியூப்

30 வருடம் கான்கிரீட் கியூப் உடைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். 150 மில்லிமீட்டர் கியூபை 28 நாள் தண்ணீரில் போட்டுவைத்து, மெஷினில் ஏற்றி அழுத்துவோம். எம்20 கலவை என்றால் சுமார் 45 டன் தாங்க வேண்டும். உடையும் சத்தம் காதில் விழும், தூசி மூக்கில் ஏறும்.

போன மாதம் லீவில் வந்திருந்த என் மகள், ஆராய்ச்சி மாணவி, லேப்டாப்பில் ஒரு சிலிக்கன் உருண்டையை நசுக்கிக் காட்டினாள். குறுக்களவு 10 நானோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 26,000 அணுக்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு.

"இதில் எதை உடைக்கிறாய்? வெறும் படம்தானே?" என்றேன்.

"இல்லப்பா. ஒவ்வொரு அணுவையும் பக்கத்து அணுக்கள் எவ்வளவு இழுக்குது, தள்ளுதுன்னு கணக்குப் போட்டு, நியூட்டன் விதிப்படி கொஞ்சூண்டு நகர்த்துறோம். ஒரு தடவைக்கு ஒரு ஃபெம்டோ செகண்ட். பத்து லட்சம் தடவை போட்டாத்தான் ஒரு நானோ செகண்ட்."

அதனால் நிஜ சோதனையைவிடப் பல கோடி மடங்கு வேகமாக நசுக்க வேண்டியிருக்கிறதாம். நாங்களோ சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 140 கிலோ என்று பொறுமையாக ஏற்றுவோம்.

எதற்கு இவ்வளவு பாடு? சாதாரண சிலிக்கனின் கடினத்தன்மை சுமார் 12 கிகாபாஸ்கல். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் நுண்ணிய உருண்டைகளை அழுத்திப் பார்த்து, 50 வரை போகிறது என்று 2003-இல் எழுதினார்கள். ஏன் அப்படி என்று உருண்டைக்குள் எட்டிப் பார்க்கத்தான் கம்ப்யூட்டர்.

அங்கேதான் அவளுக்குச் சிக்கல். அணுக்களுக்கு இடையிலான விசைக்கு ஒரு சூத்திரம் வேண்டும். ஸ்டில்லிங்கரும் வெபரும் 1985-இல் தந்தது ஒன்று, டெர்சாஃப் தந்தது இன்னொன்று. அவள் கணக்கில், முதலாவதைப் போட்டால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. இரண்டாவதைப் போட்டால் படிக அமைப்பே மாறி, வெள்ளைத் தகரத்தின் அமைப்புக்குப் போய்விட்டது. உருண்டை ஒன்றுதான், பதில் இரண்டு.

"ஒண்ணை மட்டும் போட்டா கட்டுரை தெளிவா இருக்கும்பா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று அவளிடம் சொன்னேன். ஒரு கட்டடத்துக்கு மூன்று கியூப் வந்தது. இரண்டு தேறின, மூன்றாவது சீக்கிரமே உடைந்துவிட்டது. 'மெஷினில் சரியாக வைக்கவில்லை' என்று எழுதி அதை விட்டுவிடச் சொன்னார்கள். சரியாகத்தான் வைத்திருந்தேன். இருந்தும் விட்டுவிட்டேன். கட்டடம் இன்றும் நிற்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விரிசல் இருக்கிறதா என்று என் கண் தேடும்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டையும் போடுறேன்பா. எந்தச் சூத்திரத்துக்கு எது வந்ததுன்னும் எழுதிடறேன்" என்றாள்.

ஊருக்குக் கிளம்பும்போது, அந்தக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.