வாயிற்காப்போர்

2013 டிசம்பரில் உரோமை நகரின் புறப்பகுதியிலுள்ள ஒரு பங்கைச் சந்திக்கச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், அங்குக் கூடியிருந்த மக்களிடம் தம் இளமைக்காலத்தைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். தரை பெருக்கியதையும், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியதையும், பள்ளியில் கற்பித்ததையும் சொன்னவர், புவனோஸ் ஐரிஸ் நகரில் ஒரு கேளிக்கை விடுதியின் வாசலில் காவல் நின்றதையும் மறைக்காமல் சொன்னார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்த பின் நமது பங்கில் நடைபெற்ற இரங்கற் கூட்டத்தில் பலரும் பலவற்றை நினைவுகூர்ந்தனர். இந்தச் செய்தியை மட்டும் எவரும் தொடவில்லை. தொட்டிருந்தால் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் முகஞ்சுளித்திருப்பார்கள் என்றே எண்ணுகிறோம்.

அந்தச் செய்தி நமக்குப் பயன்பட்டது வேறொரு நாளில். நாம் பணியாற்றும் அவனியாபுரம், தைத் திங்கள் முதல் நாளில் வாடிவாசலைத் திறக்கும் ஊர். இங்கே உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் குறைவில்லை. அவற்றில் உடலை உரமேற்றிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கும் குறைவில்லை. அவர்களுள் ஒருவன், பட்டம் பெற்றபின் இரண்டாண்டுகளாக வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு சேர்த்தவன், நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு நம்மிடம் வந்தான். பெங்களூரில் ஓர் இரவு விடுதியில் பவுன்சர் வேலைக்கு நேர்முகத் தேர்வாம்.

"முப்பது, நாப்பது பேரு வருவாங்களாம் சாமி. எல்லாருமே ஜிம்முக்குப் போறவங்கதான். அவங்களுக்கு நடுவுல நான் மட்டும் எப்படித் தனியாத் தெரியிறது?"

அவனுக்குப் பின்னால் நின்ற தாய் கேட்டது வேறு. "நீங்களாச்சும் வேணாம்னு சொல்லுங்க சாமி. இவுங்கப்பா குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்தாரு. இவன் அந்த வாசல்லயே போயி நிக்கிறேங்குறான்."

அந்தத் தாயின் சொல்லைத் தட்டிக் கழிக்க நமக்கு மனம் வரவில்லை. மதுவால் தாலி இழந்தவளுக்கு மதுவைப் பற்றி நாம் மறையுரை ஆற்ற வேண்டியதில்லை. ஆயினும், வாசலில் நிற்பதே பாவமா என்னும் வினாவை உணர்ச்சியைச் சற்றே ஒதுக்கிவைத்துத்தான் ஆராய வேண்டும். குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தபோது, பிறர் செய்யும் தீமைக்கு ஒத்துழைப்பது பற்றி நீண்ட பாடம் ஒன்று உண்டு. உள்ளத்தால் உடன்பட்டு ஒத்துழைப்பது ஒன்று. உடன்படாமல் புறச்செயலால் மட்டும் ஏதோ ஒரு வகையில் துணைநிற்பது மற்றொன்று. முன்னது எந்நிலையிலும் தவறு. பின்னதை, தீமைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம், எக்காரணத்துக்காக நிற்கிறோம் என்று எடைபோட்டே தீர்ப்பிட வேண்டும். அந்தப் பாடத்தில் வரும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று இன்றும் நம் நினைவில் நிற்கிறது. தலைவன் ஒரு கன்னியைக் கெடுக்கச் சன்னல் வழியே ஏறும்போது, தெரிந்தே தோள்கொடுக்கும் பணியாளன், வேலை போய்விடுமே என்ற அச்சத்தால் அப்படிச் செய்தால் அது சாவான பாவம் ஆகாது என்று அக்காலத்தில் சிலர் வாதிட்டனர். 1679-இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் அக்கூற்றைக் கண்டித்து ஒதுக்கினார். வாசலில் நிற்பவனுக்கு எழுதியது போலவே அது நமக்குப் பட்டது. ஆடவும் பாடவும் வருவோருக்குக் கதவு திறப்பது வேறு. நிற்க முடியாத ஒரு பெண்ணை இருவர் தாங்கிச் செல்லும்போது கதவு திறப்பது வேறு.

மேலும், திருச்சபைக்கு வாயிற்காவல் இழிந்த தொழிலாக இருந்ததில்லை. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சிறு பட்டங்களை மாற்றியமைக்கும் வரை, குருவாகப் போகும் ஒவ்வொருவரும் அவற்றுள் முதலாவதாகப் பெற்றது வாயிற்காப்போர் பட்டமே. அந்தச் சடங்கில் ஆலயத்தின் சாவிகளைத் தொட்டு, கதவைத் திறந்து மூடி, மணியும் அடிப்பார்கள். நமக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நம்மைப் பயிற்றுவித்த முதிய குருக்களுக்கு வாய்த்தது. மொன்றியால் நகரில் திருச்சிலுவைச் சபையின் கல்லூரி ஒன்றில் சுமார் நாற்பது ஆண்டுகள் கதவு திறந்தவர் அருட்சகோதரர் அந்திரேயா பெசெற். நோஞ்சான் உடல், எழுத்தறிவும் மிகக் குறைவு. சபையில் சேர்ந்ததும் பெரியவர்கள் தமக்கு வாசலைக் காட்டினார்கள், தாம் அங்கேயே தங்கிவிட்டதாக வேடிக்கையாகச் சொல்வாராம். 2010-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். யோவான் நற்செய்தியில் தலைமைக் குருவின் வாசலைக் காத்தவள் ஒரு பெண். அவள் பேதுருவைச் சரியாகவே அடையாளங்கண்டு கேட்டாள். பொய் சொன்னது அவரே. (மகளிர் பவுன்சர்களைக் கண்டு வியப்போர் இதைக் கவனிக்கலாம்.)

இனி இளைஞனின் கேள்வி. சென்னையில் நட்சத்திர விடுதியொன்றின் காவல் பிரிவில் மேற்பார்வையாளராயிருக்கும் நமது பங்கைச் சேர்ந்த ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்க கேக்குற மொதக் கேள்வியே, குடிச்சவன் ஒங்க சட்டையப் புடிச்சா என்ன செய்வீங்கங்கிறதுதான் சாமி. தூக்கி வெளிய போட்டுருவேன்னு மார் தட்டுறவனை அப்பவே அனுப்பிருவோம். ஒரு அடி விழுந்தா அது நாளைக்குக் கேசு, கைபேசியில படம். பேசி உக்கார வைக்கிறவன்தான் எங்களுக்கு வேணும்."

அவனோ, கறுப்புச் சட்டையில் புயத்தை முறுக்கி எடுத்த புகைப்படங்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தான். நாற்பது பேரும் அதே சட்டையில் அதே புயத்துடன் வந்து நிற்கும் இடத்தில் அந்தக் கோப்பு எதற்கு? தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் மைய அரசின் மாதிரி விதிகளும் காவலருக்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல் எல்லாம் அதில் அடங்கும். காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. அவனிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. புகைப்படத்தை விடுத்து அந்தச் சான்றைத் தேடும்படி சொன்னோம்.

நேர்முகத்தில் பதில் சொல்வதோடு நிற்காமல் கேள்வியும் கேட்கச் சொன்னோம். 2013 ஜனவரி 27 அதிகாலையில் பிரேசில் நாட்டின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' என்னும் இரவு விடுதி தீப்பற்றியது. மேடையில் கொளுத்திய வாணம் கூரைப் பஞ்சில் பற்றி நச்சுப்புகையானது. 242 பேர் மாண்டனர். வெளியேற இருந்தது ஒரே வாசல். ஓடிவந்தவர்கள் பணம் செலுத்தாமல் தப்புவதாக எண்ணி வாயிற்காவலர்கள் தொடக்கத்தில் வழிமறித்ததாக உயிர் தப்பியோர் சொன்னார்கள். அக்காவலர்கள் தீயவர்கள் அல்லர். கட்டணம் செலுத்தாதவரை விடாதே என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள் போலும். 2025 டிசம்பரில் கோவாவின் அர்ப்போராவில் எரிந்த இரவு விடுதியில் இறந்த 25 பேரில் பெரும்பாலோர் அங்கு வேலை செய்தவர்கள். பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ஆகவே, இரண்டாவது வாசல் எங்கே இருக்கிறது, அதன் சாவி இரவில் யார் கையில் இருக்கும், ஆபத்தென்றால் எவரையும் கேட்காமல் கதவைத் திறக்க எனக்கு அனுமதி உண்டா என்று கேள், தம்பி, என்றோம்.

சான்றிதழில் வழக்கமாக எழுதும் 'நாம் அறிந்தவரை நல்லொழுக்கமுள்ளவர்' என்ற வரியை இம்முறை விட்டுவிட்டோம். அதைப் படித்து எவரும் எவரையும் தெரிந்துகொண்டதில்லை. அதற்குப் பதிலாக, நாம் கண்ணால் கண்டதை எழுதினோம். சென்ற ஆண்டுத் திருவிழாத் தேர்ப்பவனியில், போதையில் ஒருவர் தேருக்கு முன்னால் தகராறு செய்தார். கயிறு பிடித்து நின்ற இவன் அவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துச் சென்றான். திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அவருடைய தம்பியைத் தொலைபேசியில் வரவழைத்து ஒப்படைத்துவிட்டு, மீண்டும் கயிற்றுக்கு வந்தான். தேர் நிற்கவில்லை, பின்னால் செபமாலை சொல்லி வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதான் எழுதி முத்திரையிட்டோம். தாய் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அவுங்கப்பாவையும் இப்படித்தான் சாமி கூட்டியாருவான்" என்றாள். வேண்டாம் என்று அதன்பின் அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அந்த முதல் விடுதியில் அவனை எடுக்கவில்லை. இரண்டாவது வாசலைப் பற்றிக் கேட்டதும் கேட்டவர் முகம் மாறியதாகச் சொன்னான். பயிற்சி முடித்து, நான்கு மாதங்களுக்குப் பின் அதே நகரில் வேறொரு விடுதியில் சேர்ந்தான். அங்கே அதே கேள்வியைக் கேட்டபோது, அழைத்துச் சென்று கதவைக் காட்டினார்களாம். தாய் அன்பியக் கூட்டத்தில் 'ஓட்டல்ல செக்யூரிட்டி' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறாள். எந்த ஓட்டல், எந்த வாசல் என்று எவரும் கேட்பதில்லை.

சென்ற மாதம் விடுமுறையில் வந்தவன் ஞாயிறு திருப்பலிக்குப் பின் காத்திருந்தான். ஒரு சனிக்கிழமை இரவு, தள்ளாடும் பெண்ணொருத்தியை இரு ஆண்கள் காருக்கு அழைத்துச் சென்றார்களாம். அவள் பெயர் என்னவென்று கேட்டிருக்கிறான், இருவருக்கும் தெரியவில்லை. கதவைத் திறக்க மறுத்து, மகளிர் காவலரை அழைத்து அவளை உட்காரவைத்து, அவள் கைபேசியிலிருந்து வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறான். அந்த இருவரும் விடுதிக்கு நாள்பட்ட வாடிக்கையாளர்கள். மறுநாள் இவனிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"அடுத்த மாசம் வேலை இருக்குமான்னு தெரியல சாமி" என்றான்.

இரண்டாவது சான்றிதழ் ஒன்றை எழுதி மேசை அறையில் வைத்திருக்கிறோம். தேதி மட்டும் இன்னும் போடவில்லை.