எந்த வில்லை எடுக்கலாம்?

கொம்பவுண்ட் வில் எதை வாங்கலாம் என்று தம்பி ஒருவன் கேட்டிருந்தான். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹொலிஸ் அலன் வில்லின் நுனிகளில் சில்லுப் பூட்டிப் பார்த்தார். அதுதான் கொம்பவுண்ட் வில். 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். சில்லு உருண்டு முடிந்ததும் சட்டென்று இறங்கும். 60 இறாத்தல் வில்லில் 80 வீதம் இறங்கினால், கையில் நிற்பது 12 இறாத்தல்தான். ஆறுதலாகக் குறிபார்க்கலாம்.

பாரம் இறங்கும் இடம் உன் இழுவை நீளத்துக்குப் பொருந்தினால்தான் இந்த ஆறுதல் கிடைக்கும். ஆகவே தம்பி, வேகக் கணக்கைப் பார்த்து மயங்காதே. இரண்டு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனிக்கு நுனி அளந்து, 2.5ஆல் வகு. 70 அங்குலம் வந்தால் உன் இழுவை நீளம் ஏறத்தாழ 28. கதிரையில் இருந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுக்க முடிகிற பாரமே உனக்குச் சரி. அம்பு பூட்டாமல் நாணை விட்டுவிடாதே, வில் உடைந்துபோகலாம்.

வேட்டைக்கென்றால் என்னிடம் கேட்காதே. மூதூர், வெருகல் பக்கக் கரையோர வேடரின் மூதாதையர் வேட்டையாடி வாழ்ந்தவர்கள்தான். ஆனால் இன்றைக்கு இலங்கையில் மானுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காவல் நிற்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் கடலைச் சுருளைத் தாளோடு மெல்லும் புள்ளிமானைப் பார்த்தவனுக்கு அம்பு தொடுக்க மனம் வருமா?

இலக்குப் பலகைக்கு வா. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் உண்டு. இலக்குக்கு எய்யக் குட்டை வில் வேண்டாம். கையில் ஆடாமல் நிற்கிற நீளமான வில்லையே எடு.