மிஸ்ஸுக்கு ஒரு நாற்காலி

ஈரோட்டில் மாட்டுப் பொங்கலுக்குக் கட்டிய மாலை காய்வதற்குள் பள்ளிக்கூட பிளெக்ஸ்கள் முளைத்துவிடும். டை கட்டிய குழந்தை, பின்னால் ஒரு ராக்கெட், கீழே பத்தாம் வகுப்பில் 490க்கு மேல் வாங்கியவர்களின் பாஸ்போர்ட் போட்டோ வரிசை. ஒண்ணாம் வகுப்பில் சேரப்போகும் குழந்தைக்கும் அந்த 490க்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. துணிக்கடையில் சேலையை உதறிப் பார்க்கலாம், மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்து நிறம் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் எதை ஒடித்துப் பார்ப்பது? கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். கட்டடம், பஸ், யூனிபார்ம், பிள்ளைகளின் இங்கிலீஷ்.

2023 ஜனவரியில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தது. மகள் தெருமுனை நர்சரியில் யூ.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். அங்கே அதற்குமேல் வகுப்பு கிடையாது. நான் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். மனைவி கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். இலவச இடத்துக்கு எங்களுக்கு வழியில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். நலிவடைந்த பிரிவு என்றால் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாங்கள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, பெரிய பள்ளிகளின் கட்டணத்துக்கு ரொம்பக் கீழே.

பாப்பா வாயாடி. காலையில் எழுந்ததும் கண்ட கனவில் ஆரம்பித்தால் ராத்திரி என் அம்மாவின் மடியில் தூங்கும்வரை பேச்சு ஓயாது. "இவளுக்குப் பள்ளிக்கூடமே வேண்டாஞ் சாமி, இவளே நாலு பேருக்குச் சொல்லிக் குடுப்பா" என்பார் அம்மா. இந்தப் பேச்சுக்கு எந்தப் பள்ளியில் இடம் இருக்கும் என்பதுதான் என் கவலை. மனைவியின் கவலை வேறு.

"நீங்க பில்டிங்கப் பாருங்க, நான் மிஸ்ஸப் பாக்கறேன்" என்றாள்.

கட்டடம் பார்ப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தபோது நான் கல்லூரியில் முதல் வருடம். கூரைக்குத் தீ பரவியதையும் குறுகலான மாடிப்படியையும் பேப்பரில் படித்தது இன்னும் போகவில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதே ஆண்டில்தான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. ஆகவே எந்தப் பள்ளிக்குப் போனாலும் மாடிப்படி எத்தனை, வெளியே போக வாசல் எத்தனை, வேனில் உதவியாளர் உண்டா என்று பார்த்துவிடுவேன். இப்போது பெரும்பாலான பள்ளிகள் இதில் தேறிவிடுகின்றன. குழந்தைகள் செத்துக் கிடைத்த தேர்ச்சி அது.

முதலில் போனது புறவழிச்சாலையில் இருக்கும் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. வரவேற்பறையில் ஏ.சி., சுவரில் மீன்தொட்டி. விண்ணப்பம் 500 ரூபாய். குழந்தைக்கு 'இன்டராக்‌ஷன்', பெற்றோருக்குத் தனியாக ஒன்று என்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையையோ பெற்றோரையோ சேர்க்கைக்காகச் சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 வரை. அதனால்தான் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள் போல. கட்டணத்துக்கும் இதே கதை. 2009ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகைக்கு அச்சடித்த ரசீது. மிச்சத்தை ஒரு வெள்ளைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்கள். மண்டியில் இருபது வருஷமாக வெள்ளைத் துண்டுத்தாள் பார்ப்பவன் என்பதால் எனக்கு அதிர்ச்சி இல்லை, தொகையைப் பார்த்துத்தான் தலை சுற்றியது.

இரண்டாவது, டவுனுக்குள் பேர்போன மெட்ரிக் பள்ளி. பிளெக்ஸில் இருந்த 490கள் பாதி இங்கே படித்தவைதான். தாழ்வாரத்தில் நடந்தபோது ஒரு சத்தமும் இல்லை. இடைவேளை நேரம் அது. ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் 'ஸ்பீக் ஒன்லி இன் இங்கிலீஷ்' பலகை. தமிழில் பேசினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு நோட்டில் பேர் எழுதுவோம், பெரியவர்களுக்கு ஐந்து ரூபாய் என்றார் அலுவலக அம்மா, சலுகை சொல்வதுபோல. 2006ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் தமிழைப் பாடமாகக் கற்பிக்காமல் இருக்க முடியாது. நாற்பது நிமிடம் தமிழ்ப் பாடம் உண்டு. அந்த நாற்பது நிமிடத்துக்கு வெளியே தமிழில் தண்ணீர் கேட்டால் பேர் நோட்டில் ஏறும். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: "அப்பா, இங்க யாரு தூங்கறாங்க?"

மனைவி அங்கே வேறொன்றைப் பார்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள். "எந்த கிளாஸ்லயாவது மிஸ்ஸுக்குச் சேர் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அவள் வேலை பார்த்த பள்ளியிலும் வகுப்பில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் வருமாம். காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை நிற்க வேண்டும். 2013இல் அவளுக்கு மாதச் சம்பளம் 4,500 ரூபாய். பாதி வருடத்தில் போய்விடக் கூடாது என்று அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். மே மாதச் சம்பளம் இல்லை. "ஜூன்ல புது மிஸ் வருவாங்க. பசங்க பேரு மனப்பாடம் ஆகறதுக்குள்ள அவங்களும் போயிருவாங்க. கால் வலில நிக்கறவ எப்படீங்க ஒரு கொழந்த பேசறத நின்னு கேப்பா? வாய மூடுன்னுதான் சொல்லுவா. நானும் சொல்லியிருக்கேன்."

இதைத்தான் நாங்கள் ஒடித்துப் பார்க்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கேள்விகள் மாறின. ஒண்ணாம் வகுப்பு மிஸ் இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார்? அவருக்கு நாற்காலி உண்டா? வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? பிள்ளைகளின் கழிப்பறையை இடைவேளை முடிந்ததும் பார்க்கலாமா? நாலைந்து பள்ளிகளில் கேட்டோம். ஸ்மார்ட் கிளாஸ் பற்றி அரை மணி நேரம் பேசியவர்கள் முதல் கேள்விக்கே, "ஸ்டாஃப் பத்தியெல்லாம் நீங்க கவலப்பட வேண்டாம் சார்" என்றார்கள்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கும் போனேன். நான் படித்த பள்ளி அது. நான் ஒண்ணாவது சேர்ந்த 1991இல் ஐந்து வகுப்புக்கும் ஐந்து ஆசிரியர்கள், காலை வணக்கத்தில் நிற்க இடம் போதாது. இப்போது 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இருவருக்கும் நாற்காலி இருந்தது, உட்காரத்தான் நேரமில்லை. தலைமையாசிரியைக்கும் ஒரு வகுப்பறை முழுக்கப் பொறுப்பு. முந்தைய ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி ஒன்று முதல் மூன்று வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்காரவைத்திருந்தார். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படம். ஒரு பையன் எழுந்து வந்து, என்னை யாரென்று விசாரித்துவிட்டுப் போனான். எங்கள் தேடலில் நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர், ஒழுங்கான சம்பளம், பேசுகிற பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக இருந்த இடம் அதுதான்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்லும் குறைந்தபட்சம் இது. தலைமையாசிரியை ஒன்றியத்தில் கூட்டத்துக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால், "ரெண்டே டீச்சரா?" என்று இன்னும் நாலு பேர் மஞ்சள் வேனில் ஏற்றிவிடுவார்கள். யாரும் யாரையும் விரட்டாமலே பள்ளி காலியாகிறது.

"உங்க பாப்பாவ விட்டீங்கன்னா 39 ஆகும் தம்பி" என்றார் தலைமையாசிரியை. "61 ஆச்சுன்னா மூணாவது டீச்சரக் கேட்டு எழுதலாம்." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வாய்ப்பாடு சொல்வதுபோலத்தான் சொன்னார்.

2011இல் எங்கள் மாவட்ட ஆட்சியர் தன் மகளை இங்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். ஈரோட்டில் டீக்கடை டீக்கடையாகப் பேசினார்கள். ஆட்சியர் மகள் படிக்கும் பள்ளியில் கழிப்பறை பூட்டிக் கிடக்காது, காலியிடமும் ரொம்ப நாள் காலியாகக் கிடக்காது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்றதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகள் போனால் 38, 39 ஆகும். அதற்குமேல் ஒன்றும் நகராது. 23 குடும்பங்கள் சேர்ந்து முடிவெடுத்தால் நகரும். எங்கள் தெருவில் ஏழு வீட்டில் பேசிப் பார்த்தேன். "நீங்க மொதல்ல சேருங்க, பாக்கலாம்" என்றார்கள். நானும் அதையேதான் மனதுக்குள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சேர்த்தது ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சிறிய நர்சரி பிரைமரி பள்ளியில். பிளெக்ஸ் இல்லை. சிமெண்ட் தரை, வேப்பமரம், இரண்டு மாடிப்படி. ஒண்ணாம் வகுப்பில் 34 பிள்ளைகள். மிஸ் ஒன்பது வருஷமாக இங்கேதான் என்றார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது, அதில் மிஸ் உட்கார்ந்திருந்தார். பாப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வீட்ல இன்னிக்கு என்ன சாமி சாப்பாடு?" என்று தமிழில் கேட்டார். அவள் தோசையில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு ஆடு சட்னிக் கிண்ணத்தைத் தட்டிவிட்ட கதைக்குப் போய், ஆட்டுக்கு அம்மா எங்கே என்பதில் முடித்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் நடுவில் ஒரு முறையும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இங்கிலீஷ் எப்ப மிஸ் பேசுவா?" என்றேன். காசு கட்டப்போகிறவன் கேட்கும் கேள்வி.

"வந்துருமுங்க. மொதல்ல பேசட்டும். பேசற கொழந்தைக்கு எந்தப் பாஷையும் வந்துரும். பேச்சு நின்னு போனாத்தான் கஷ்டம்."

முதல் வருடம் அவள் இங்கிலீஷில் பேசியது, 'மே ஐ கோ டாய்லெட் மிஸ்' மட்டும்தான். பெரிய பள்ளியில் சேர்ந்த என் தங்கை மகன் கல்யாண வீட்டில் ரைம்ஸ் சொன்னபோது சொந்தக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி கண்டுகொள்ளவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது உண்மை.

இரண்டாம் வருடப் பெற்றோர் கூட்டத்தில் சிலர் ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்றார்கள், ஆளுக்கு 2,000 ரூபாய் கூடக் கட்டத் தயார் என்றும் சொன்னார்கள். மனைவி எழுந்து, "அந்த ரெண்டாயிரத்துல மிஸ்ஸுகளுக்கு எவ்வளவு போகும்?" என்று கேட்டாள். தாளாளர் தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் ஒருவர், "அதெல்லாம் அவங்க பிரச்சினைங்க" என்றார். சுவரோரம் நின்ற மிஸ்கள் யாரையும் பார்க்காமல் நின்றார்கள். போர்டு வரவில்லை. சம்பளம் கூடியதா என்றும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் மனைவி அதே கேள்வியைக் கேட்கிறாள். போன முறை இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கேட்டார்கள்.

2025 ஜூனில் பாப்பா மூன்றாவது போனாள். வேன் ஊராட்சிப் பள்ளியைத் தாண்டித்தான் போகும். அங்கே இப்போது காலை உணவு உண்டு, எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் டீக்கடையில் தலைமையாசிரியையைப் பார்த்தேன். எத்தனை பேர் என்று கேட்டேன். 35 என்றார். மூன்றாவது ஆசிரியருக்கு இன்னும் 26 பிள்ளைகள் வேண்டும்.