"ஓடுதுல்ல, விடு மச்சி!"

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. எனக்கு அதைக் கேட்டாலே வைலி போஸ்ட் ஞாபகம்தான் வரும்.

1933-ல தனியாளா விமானம் ஓட்டி உலகத்தையே சுத்தி வந்த முதல் மனுஷன். ஒத்தைக் கண்ணு வேற! 1935-ல ஒரு விமானத்தோட உடம்புல இன்னொரு விமானத்தோட இறக்கையைப் பொருத்தி, தண்ணியில இறங்க மிதவைகளும் மாட்டி அலாஸ்கா போனார். மூக்குப் பக்கம் கனம் கூடிப்போச்சு. ஆனாலும் பறந்துச்சு.

ஆகஸ்ட் 15. பாரோ ஊருக்குப் பக்கத்துல மோசமான வானிலை. ஒரு காயல்ல இறங்கி, அங்க இருந்தவங்ககிட்ட வழி கேட்டுட்டுக் கிளம்பினாங்க. கொஞ்ச உயரத்துலயே என்ஜின் நின்னுடுச்சு. மூக்கு குத்தி விழுந்ததுல போஸ்டும், கூட வந்த நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸும் இறந்துட்டாங்க. சேதி சொல்லவே ஒருத்தர் பாரோ வரைக்கும் ஓட வேண்டியிருந்தது.

என்ஜின் ஓடுற வரைக்கும் புரொப்பல்லர் காத்து வால்ல பட்டு, மூக்கைத் தூக்கிப் பிடிக்க உதவும். நின்னா, மறைஞ்சிருந்த கனம் வெளிய வந்துடும். டேக்-ஆஃப் நேரத்துல சமாளிக்க உயரமும் கிடையாது, வேகமும் கிடையாது.

அதனால அடுத்த தடவை "ஓடுதுல்ல"ன்னு யாராவது சொன்னா, நீங்க ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "சரி, நின்னா என்ன ஆகும்?"